கோகிலவாணி அனுப்பாத சேதி

வாங்க, வாங்க. அந்தச் சேர் வேண்டாங்க, கால் ஆடும். இதுல உக்காருங்க. கோபியில இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? இந்த வெயில்லயா? காபி சொல்லியிருக்கறேன், வந்துரும்.

மாப்பிள்ளைக்குத் தாய்மாமன்னு வாசல் கேட்டுல சொன்னீங்களாமா. நல்லதுங்க. தாய்மாமன் நேர்ல வந்து பொண்ணைப் பத்தி விசாரிக்கறதுதான் முறை. இப்பெல்லாம் போன்லயே பேசி முடிச்சுக்கறாங்க, பொறவு குத்துது கொடையுதுங்கறாங்க. பேரு ஆறுச்சாமிங்களா? எங்க பெரியப்பா பேரும் அதேதானுங்க. நான் சென்னியப்பன். வாசல்ல டாக்டர்னு போட்டிருக்குமே, பார்த்திருப்பீங்க. ஊசி போடற டாக்டர் இல்லைங்க, இது வேற.

கோகிலவாணி. ம். நாலு வருசம் எங்கிட்ட வேலை பார்த்த புள்ளை. நல்ல புள்ளைங்க. அதுல சந்தேகமே வேண்டாம். காங்கேயத்துல அப்பன் தேங்காய்க் களத்துல வேலை செஞ்சு படிக்க வெச்சான். இருக்கற எடம் தெரியாது, குனிஞ்ச தலை நிமிராது, அப்படிப்பட்ட புள்ளை. நான் யாரையும் குத்தம் சொல்ற ஆளே இல்லைங்க, யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. ஆனா கல்யாணம்ங்கறது ஆயிரங்காலத்துப் பயிர். நீங்க நேர்ல வந்து கேக்கறப்ப நடந்ததைச் சொல்லோணுமல்ல? சொல்லாம உட்டா நாளைக்கு நீங்களே, "ஏனுங்க, தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொன்னீங்களா"ன்னு கேப்பீங்க.

அதனால சொல்றேன். சித்த நேரம் ஆகும், பரவால்லீங்களா?

மொதல்ல எங்க பொழப்பு என்னன்னு தெரிஞ்சுக்கோங்க, அப்பத்தான் அந்தப் புள்ளை பண்ணுன காரியம் புரியும். வானத்துல எங்கியோ ஒரு பெரிய நட்சத்திரம் சாகுது. இல்லாட்டி செத்துப்போன ரெண்டு நட்சத்திரம் ஒண்ணோட ஒண்ணு மோதுது. அப்ப ஒரு வெளிச்சம் வெடிச்சுக் கிளம்பும். காமாக் கதிர்னு பேரு, நம்ம கண்ணுக்குத் தெரியாது. அது நம்ம பக்கம் வர்றதுக்குக் கோடிக்கணக்கான வருசம் ஆகும், வந்தா சில நொடிதான் இருக்கும். கண்ணைச் சிமிட்டுனா போச்சு. அதைப் பார்க்கறதுக்குத்தான் மேல ஒரு டெலஸ்கோப்பு சுத்திக்கிட்டு இருக்குது. "சுடர்"னு பேரு. பேரு வெச்சது நான்தானுங்க.

அந்தக் கதிர் கண்ணாடிக்கெல்லாம் அடங்காது, ஊடால புகுந்து போயிரும். அதனால சுடர்ல லென்ஸே கிடையாது. ஓட்டை ஓட்டையா ஒரு உலோகத் தகடு, அதுக்குக் கீழ கதிரை உணர்ற கருவி. சல்லடையை வெயில்ல புடிச்சா கீழ புள்ளி புள்ளியா நிழல் விழுகுமல்ல? நிழல் எந்தப் பக்கம் தள்ளி விழுகுதோ அதை வெச்சு வெயில் எங்கிருந்து வருதுன்னு சொல்லிடலாம். அவ்வளவுதான் எங்க வித்தை. நிழலைப் பார்த்து எடத்தைச் சொல்றது.

எடம் தெரிஞ்சதும் உலகம் பூராவும் சேதி அனுப்போணும். அங்கங்க மலை மேல இருக்கற பெரிய டெலஸ்கோப்பு எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும். ஏன்னா வெடிச்சு முடிஞ்ச பொறவு கொஞ்ச நேரத்துக்குத் தணல் மாதிரி ஒண்ணு இருக்கும். அது அவியறதுக்குள்ள பார்த்தாத்தான் எத்தனை தூரம், என்ன செத்துச்சுன்னு தெரியும். அவிஞ்சுபோச்சுன்னா போனது போனதுதான். அதனால எங்ககிட்ட எப்பவும் ஒரு ஆள் டூட்டியில இருக்கும். சுடர் மணி அடிச்சா, வந்தது நிஜ வெடிப்பா, சூரியன் பண்ற சேட்டையா, கருவிக் கோளாறான்னு அந்த ஆள் பார்த்து, எடத்தைச் சரி பண்ணிச் சேதியை அனுப்போணும். எங்க தொழில்ல ஒரு வழக்கம் இருக்குது. அனுப்பறவங்க பேருதான் சேதியில மொதப் பேரு. எங்க பேரெல்லாம் அதுக்குப் பின்னாடி வரிசையா வரும். டெலஸ்கோப்புக் கட்டுனவன் பேரும் பின்னாடிதான். நான் குறையாச் சொல்லலை. வழக்கத்தைச் சொல்றேன்.

கோகிலா டூட்டிக்கு வந்த புதுசுலயே ஒரு வெடிப்பு வந்துச்சுங்க. கெரகம், அது அதிர்ஷ்டமா என்னன்னு தெரியலை. எடத்தைச் சுத்தமாச் சொல்லிப்போடுச்சு. சிலி நாட்டுக்காரன் திரும்பிப் பார்த்தா அங்கியே தணல்! அவன் உடனே, "அருமை கோகிலவாணி"ன்னு கடுதாசி எழுதறான். ஜப்பான்காரன் எழுதறான். எங்கிட்ட எவனோ ஒருத்தன், "உங்க ஸ்டூடண்ட் கோகிலவாணி எப்படி இருக்காங்க"ன்னு கேக்கறான். நான் எப்படி இருக்கறேன்னு கேக்கலை பாருங்க! எனக்கு அதுல ஒண்ணும் இல்லை, சந்தோசம்தான். ஆனா சின்ன வயசுல பேரு வந்தா புள்ளைங்க அளவுக்கு எச்சா ஆடும். ஆடலைங்க, அது ஆடலை. ஆடுமேங்கற வெசனம் எனக்கு. தட்டி வைக்கறது பெரியவங்க கடமையல்ல?

அதனால ஒரு டெஸ்ட் வெச்சேன்.

இது நானாக் கண்டுபுடிச்சதில்லைங்க, எல்லா எடத்துலயும் இருக்கறதுதான். பொய்யா ஒரு வெடிப்பைத் தயார் பண்ணி, சுடர்ல இருந்து வர்ற தகவலுக்குள்ள நைசா கலந்து உட்டுருவாங்க. டூட்டியில இருக்கற ஆள் தூங்குதா முழிச்சிருக்குதான்னு தெரியும். அனுப்பற சேதி வெளிய போகாதபடி வாசல்லயே தடுத்துக்குவோம், அதனால யாருக்கும் நட்டம் இல்லை. இங்க ஃபிரான்சிஸ்னு ஒரு எஞ்சினியர் இருந்தான், நாகர்கோயில்காரன். அவன்தான் கலந்து உடுவான். ஆனா அவன் ஒரு முறை வெச்சிருந்தான்: டெஸ்ட்டு முடிஞ்ச உடனே டூட்டியில இருக்கற ஆளுகிட்ட, "இது டெஸ்ட்டுதான், வெசனப்படாதே"ன்னு சொல்லிருவான். நான்தான், "சொல்லாதே. நான் சொல்லிக்கறேன்"னுட்டேன்.

புள்ளை எடத்தைக் கண்டுபுடிச்சு, பரபரன்னு சேதியை அனுப்பிப்போட்டு, ஒரே குதி. அடுத்த நாள் ஆபீஸ் பூராவும் மைசூர்பாகு. அப்பனுக்குப் போன் பண்ணி, "இன்னொண்ணு புடிச்சுட்டனுங்கப்பா"ன்னு சொல்லுது. நானும் ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டேன், டெஸ்ட்டுன்னு சொல்லலை. திங்கக்கிழமை மீட்டிங்குல, நாப்பது பேரு முன்னாடி, பெரிய திரையில அந்த வெடிப்பைப் போட்டு, "இதைப் பெத்தவன் யாரு தெரியுமா? நாந்தான்"னேன். கொல்லுனு சிரிச்சாங்க. இனிப்புத் தின்னவங்கதான் எச்சாச் சிரிச்சாங்க. அந்தப் புள்ளையும் சிரிச்சுதுங்க. சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வெளிய போச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு மூஞ்சி கழுவிக்கிட்டு வந்துச்சு. சும்மா ஒரு தமாசு. இதுக்கெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டா ஆகுமா?

ரெண்டாவது தடவையும் ஏமாந்துச்சு. அன்னிக்குக் கொஞ்சம் கடுசாச் சொன்னேன். "நிஜமா பொய்யான்னு தெரியாம அனுப்பறவன் விஞ்ஞானி இல்லை கண்ணு, தபால்காரன்"னேன். அந்த வார்த்தை ஆபீஸ்ல நெம்பப் பிரபலம் ஆயிருச்சு. பசங்க அந்தப் புள்ளையைப் பார்த்தாலே, "ஏனுங்க தபால், இன்னிக்கு என்ன சேதி"ம்பாங்க. நானா அப்படிக் கூப்பிடச் சொன்னேன்?

மூணாவது தடவை கண்டுபுடிச்சுருச்சு. "சார், இது டெஸ்ட்டு, அனுப்பலை"ன்னுச்சு. எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா, "வானத்துல இத்தனை சுத்தமா எதுவும் வராதுங்க சார், இது நீங்க செஞ்சது"ங்குது. எனக்கு எத்தனை பெருமை தெரியுங்களா! பார்த்தியா, வளர்த்து உட்டது நான்தானேன்னு மீட்டிங்குல எல்லாரையும் கை தட்டச் சொன்னேன். அதையும் சொல்லோணுமல்ல? திட்டுனதை மட்டும் சொன்னா என்னை ராட்சசன்னு நெனைப்பீங்க.

காபி எடுத்துக்கோங்க. சர்க்கரை போதுங்களா?

பொறவுதான் அந்த நாள் வந்துச்சு. பங்குனி மாசம், மத்தியானம். ஈரோட்டுப் பக்கம் ஒரு காலேஜுல எனக்குப் பாராட்டு விழா. மேடையில உக்காந்திருக்கறேன், கழுத்துல மாலை, ஒருத்தர் என்னைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காரு. கோகிலா போன் பண்ணுது. எடுக்கலை. மறுக்கா பண்ணுது. மறுக்காவும் பண்ணுது. சரி போகட்டும்னு மாலைக்குள்ள போனை வெச்சுக்கிட்டு எடுத்தேன்.

"சார், சுடர்ல ஒண்ணு வந்திருக்குது. இத்தனை பெருசா நான் பார்த்ததே இல்லீங்க சார். கருவியே நெரம்பி வழியுது. எடமும் போட்டுட்டேன், சுத்தமா வருது. நெம்பச் சுத்தமா வருது. சார், இது உங்களோடதுங்களா?"

குரல் நடுங்குதுங்க. சந்தோசத்துல நடுங்குதா பயத்துல நடுங்குதான்னு எனக்குத் தெரியலை.

நான் சிரிச்சேன். "நீயே கண்டுபுடி கண்ணு"ன்னு சொல்லிப்போட்டு ஆஃப் பண்ணிட்டேன்.

இதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. நான் பொய் சொன்னனா? "ஆமா, என்னோடதுதான்"னு சொன்னனா? "நீயே கண்டுபுடி"ன்னேன். எந்த வாத்தியாரும் சொல்ற வார்த்தைதானே?

அது கண்டுபுடிக்கலைங்க. சேதியை எழுதி, எடத்தைக் குறிச்சு, எல்லாத்தையும் தயார் பண்ணி வெச்சுக்கிட்டு, அனுப்பாம உக்காந்திருச்சு. அத்தனை சுத்தமா இருந்துச்சாம், அத்தனை பெருசா இருந்துச்சாம், அதனால நான் செஞ்சதுதான்னு நெனைச்சுச்சாம். மறுக்கா ஏமாறக் கூடாதுன்னு நெனைச்சுச்சாம்.

நிஜமுங்க அது. வந்ததுலயே பெரிய வெடிப்பு. எங்க காலத்துல இன்னொண்ணு அது மாதிரி வராது. அந்த நேரத்துல அதைப் பார்க்கற எடத்துல இருந்தது நம்ம சுடர் ஒண்ணுதான். சாயங்காலம் நான் மாலையோட கார்ல வந்துக்கிட்டு இருக்கறேன், ஐரோப்பாக்காரன் ஒருத்தன் தன்னோட சேட்டிலைட்டுல தணலை எதேச்சையாப் பார்த்துப்போட்டு உலகத்துக்கே சொல்லிட்டான். அதுக்குள்ள பாதி அவிஞ்சுபோச்சு. மொத ஒரு மணி நேரத்துல என்ன நடந்துச்சுன்னு இனி எவனுக்கும் தெரியாது. அவன் பேரு மொதல்ல. நம்ம பேரு? "இந்தியாவோட சுடரும் பார்த்திருக்குது, ஆனா சேதி அனுப்பலை"ன்னு கீழ ஒரு வரி. வெந்த புண்ணுல வேல் பாய்ச்சுன மாதிரி அந்த வரி. இருபது வருசம் ஒவ்வொரு ஆபீஸ் படியா ஏறி எறங்கிக் கட்டுன டெலஸ்கோப்புங்க. அடுத்த டெலஸ்கோப்புக்கு அரசாங்கத்துல கேட்டிருந்தேன், அதையும், "இருக்கறதையே ஒழுங்காப் பார்க்கலையே"ன்னு ஓரங்கட்டி வெச்சுட்டாங்க. எனக்கு எப்படி இருக்கும்? வயிறு எரியுமா எரியாதா?

இப்பச் சொல்லுங்க, யாரு யாருக்குத் துரோகம் பண்ணுனாங்க?

விசாரணைக் கமிட்டி போட்டாங்க. நான்தான் தலைவர். எனக்கு இஷ்டமே இல்லை, வேற ஆள் இல்லைன்னு உக்கார வெச்சாங்க. கோகிலாகிட்ட கேட்டோம், "அனுப்ப வேண்டாம்னு நிறுத்தறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்டியாம்மா"ன்னு. அந்தப் புள்ளை என்னைப் பார்த்துச்சு. நெம்ப நேரம் பார்த்துச்சுங்க. பொறவு, "இல்லீங்க சார். நானேதான் முடிவு பண்ணுனேன்"ன்னுச்சு. பார்த்தீங்களா, என்ன நெஞ்சழுத்தம்! அத்தனை பேரு முன்னாடி ஒரு பொய்! நானா இருந்தா, "கேட்டேன், இன்னாரைக் கேட்டேன்"னு சொல்லியிருப்பேன். எனக்கு மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேச வராது.

நான் ஏன் சொல்லலைங்களா? கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. என்னை யாரும் கேக்கலையே! நான் கேள்வி கேக்கற எடத்துல அல்ல இருந்தேன்? ஃபிரான்சிஸ் என்னமோ சொல்ல வந்தான், "இந்த டெஸ்ட்டுப் பழக்கம்தான் சார் காரணம்"னு ஆரம்பிச்சான். "டெக்னிகல் விசயத்தை மட்டும் பேசு"ன்னுட்டேன். இப்ப அவன் வேற ஊருக்குப் போயிட்டான். மாத்தல்தான். அவனும் நல்ல பையன்தான்.

என்னங்க? என்ன கேட்டீங்க?

"அன்னிக்குப் போன்லயே, என்னோடது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ங்களா?

ஏனுங்க, நீங்க கோபியில என்ன யாவாரம் பண்றீங்க? ஜவுளியா? நான் வந்து உங்க கல்லாவுல உக்காந்துக்கிட்டு, இப்படி அளந்திருக்கலாம் அப்படிக் கிழிச்சிருக்கலாம்னு சொன்னா ஒத்துக்குவீங்களா? எப்படிங்க இல்லைன்னு சொல்றது? எனக்கே தெரியலை! நான் டெஸ்ட்டு வைக்கலை. ஆனா ஃபிரான்சிஸ் வெச்சிருக்கலாமல்ல? எனக்குத் தெரியாம வெச்சிருந்தான்னா? அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான்னு எனக்கு மேடையில உக்காந்திருக்கறப்ப நெனப்பு வருமா? "எனக்குத் தெரியலை கண்ணு"ன்னு நான் அந்தப் புள்ளைகிட்டச் சொல்லோணுமா? முப்பது வருச சர்வீஸு. அது நேத்து வந்த புள்ளை. பக்கத்துல காலேஜு பிரின்சிபால் வேற காதைக் குடுத்துக் கேட்டுக்கிட்டு இருக்காரு. அப்ப சிரிக்கறதைத் தவிர வேற என்ன பண்றது?

உடுங்க. அதெல்லாம் எங்க தொழில் விசயம், உங்களுக்குப் புரியாது. நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். அவசரத்துல முடிவெடுக்கத் தெரியாத புள்ளை. நாளைக்கு உங்க அக்கா வீட்டுல ஒரு கொழந்தைக்குக் காய்ச்சல்னு வைங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதா வேண்டாமா, இது நிஜக் காய்ச்சலா பொய்க் காய்ச்சலான்னு உக்காந்து யோசிக்கும். அதைத்தான் சொல்றேன். மத்தபடி தங்கமான புள்ளை.

ஆமாங்க, அதனாலதான் வேலை போச்சு. ஏன், உங்களுக்குத் தெரியாதா?

ராஜினாமான்னா சொல்லுச்சு? அப்பனுக்கு ஒடம்பு சரியில்லைன்னு ராஜினாமா பண்ணிட்டு வந்தேன்னா?

அட ராமா. அப்ப நான்தான் போட்டு ஒடைச்சுட்டனா?

இல்லைங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. பொய்யுன்னும் சொல்ல முடியாது. ராஜினாமாதான் எழுதிக் குடுத்துச்சு. நான்தான் எழுதச் சொன்னேன். கமிட்டியில வேலையை உட்டு நீக்கறதுன்னு முடிவாச்சு, நான்தான் கடைசி நிமிசத்துல, "வேண்டாம், பொட்டப்புள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வந்தா விசாரிக்க வருவாங்க. அப்பனுக்கு ஒடம்பு சரியில்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போகட்டும். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம்"னு சொன்னேன். என்னோட மேசையிலதான் உக்காந்து எழுதுச்சு. எழுதி முடிச்சுக் கையெடுத்துக் கும்புட்டுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்படி நல்லது பண்ணுனவன் நான். ஆனா நீங்க இத்தனை தூரம் வந்து நேருக்கு நேரா கேக்கறப்ப நான் மறைக்க முடியுங்களா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதல்ல?

மச்சானுக்குப் போன் பண்ணோணுங்களா? பண்ணுங்க, பண்ணுங்க. இந்த ரூம்ல டவர் கெடைக்காதுங்க. வெளிய அந்த வேப்பமரத்தடியில நல்லாக் கெடைக்கும்.

...

என்ன சொன்னாருங்க? வேண்டாம்னுட்டாரா? ப்ச். என்ன பண்றது, அவருக்கும் பையனாச்சே. அவரு சொல்றதுலயும் நாயம் இருக்குது. வேலை போனதைக்கூட மன்னிச்சரலாம், மறைச்சதை எப்படி மன்னிக்கறது?

பொண்ணு வீட்டுல என்னன்னு சொல்றதுன்னா கேக்கறீங்க? ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிருங்க. எல்லாரும் சொல்றதுதானே? யாருக்கும் மனசு நோகாது. அந்தப் புள்ளை நெம்ப மெதுவான மனசுங்க, எது நடந்தாலும் தன்மேல தப்புன்னு எடுத்துக்கும். காரணம் தெரியாம இருக்கறதுதான் அதுக்கு நல்லது.

என்னது? அதுவேதான் உங்களை எங்கிட்ட அனுப்புச்சா? "சென்னியப்பன் சாரைப் பாருங்க, அவரு என்னைப் பத்தி நல்லவிதமாத்தான் சொல்லுவாரு"ன்னா?

பார்த்தீங்களா. அப்படித்தானுங்க அந்தப் புள்ளை.

சரி, பார்த்துப் போங்க, வெயில் எறங்கட்டும். ஒண்ணே ஒண்ணு. நான் சொன்னேன்னு மட்டும் எங்கியும் சொல்லிப்போடாதீங்க. அது எம்மேல நெம்ப மரியாதை வெச்சிருக்குது.